வரிக்கொரு அளவுகோல்

எங்கள் ஊரில் யார் வீட்டுப் படியேறினாலும் முதலில் தண்ணீர்ச் சொம்புதான் வரும். வந்தவர் யார், என்ன விஷயம் என்பதெல்லாம் அதற்கப்புறம். சண்டை போட வந்தவனுக்குக்கூட ஒரு சொம்பு கொடுத்து, அவன் குடித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டுத்தான் ஆரணியில் சண்டையை ஆரம்பிப்பார்கள். நீங்களும் நேற்றைப் போலவே இன்றும் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தீர்கள், ஐயா. குடித்தேன். நல்ல தண்ணீர். வெளியூரிலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எங்கள் பழக்கம் உங்களுக்கும் ஒட்டிக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்.

கேட்பதற்கெல்லாம் இன்று மறைக்காமல், முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பெயர் தனசேகரன். தகப்பனார் பரசுராமன், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவருடைய சாயப்பட்டறை பாவடிச் சந்துக்குப் பின்புறம் இருக்கிறது. எங்கள் வீடு அங்கே இல்லை, ஆற்றுப் பக்கம். ஆனால் என் அக்கா ஹேமலதாவைக் கட்டிக்கொடுத்தது அதே பாவடிச் சந்தில்தான். பட்டறையின் பின்சுவரும் அக்கா வீட்டுத் தோட்டமும் ஒட்டினாற்போல் இருக்கும். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினது அக்காதான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் மறந்துபோகும்.

நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவன். எண்களைப் படமாக்குவதுதான் வேலை. ஒரு நாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். 2005இல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். டீக்கடைப் பக்கம் தலை காட்டினால் போதும், "இன்னா தனசேகரு, லீவா?" என்பார்கள். ஆமாம், லீவு என்றேன். அடுத்த மாதமும் லீவு என்றேன். அப்புறம் அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள். அதுதான் கேட்டதைவிடப் பேஜாராக இருந்தது.

வெறுத்துப்போய் நைனாவின் பட்டறையில் இறங்கினேன். கண் திட்டத்தில் சாயம் கலந்துகொண்டிருந்த மனிதரைக் கம்ப்யூட்டர் கணக்குப்படி கலக்க வைத்தேன். அரக்கு நிறம் என்றால் எந்த நூல் சிட்டத்தைப் பிரித்தாலும் அதே அரக்கு. வந்தவாசி, காஞ்சிபுரம் என்று எங்கெங்கிருந்தோ நூல் வந்தது. நைனா போகிற இடமெல்லாம், "எல்லாம் பையன் பாத்துக்கினு கீறான், எனக்கு இன்னா வேலை?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லீவா என்று கேட்ட வாய்களெல்லாம் மொதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தன. அது எனக்கு வெல்லமாக இனித்தது. அதையும் மறைக்க மாட்டேன். பட்டறைக் கழிவுக்கும் ஒரு வழி செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, கோடையில் சௌம்யா வந்தாள். போன வாரம் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தவள்தான். தேசூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம், பள்ளியில் என்னோடு படித்தவள், அப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவுக்கு ஒரு போர்வெல்லாகப் பார்த்து, வருஷம் முழுக்க மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. சிலருக்கு அப்படி ஒரு சுபாவம். எண்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்து, "படமா போட்டுக் குடுங்க, தனசேகர். நாலு பேருக்குப் புரியணும்," என்றாள்.

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இது ஒரு வேலையே இல்லை. தெருவுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம், கம்மி என்றால் நீலம், ஜாஸ்தி என்றால் சிவப்பு. இதை ஹீட்மேப் என்பார்கள். ஓடவிட்டேன். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குங்குமம் கொட்டினது போல இருந்தது. பாவடிச் சந்து.

சௌம்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குரோமியங்க. சாயத்துலேர்ந்துதான் வர்து. எந்தப் பட்டறைன்னு அப்புறம் தேடிக்கலாம். மொதல்ல இந்தத் தெரு தண்ணிய ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாது. போர மூடி சீல் வெக்கணும். இது கிட்னியத்தான் புடிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அக்கா வீடு அங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப உங்களவிட அக்கறையா வேற யாரு எடுத்துச் சொல்லப் போறாங்க?" என்றாள்.

அவளுக்கு நிறைமாதம். மறுநாளே பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறாள். தெருக்காரர்கள் கூட்டத்தில் அவளுக்குப் பதில் நான் பேசுவதாக ஏற்பாடு. ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. கூட்டத்தில் கொடுக்கப்போவது ஜெராக்ஸ் பிரதி. ஒன்று எடுத்துப் பார்த்தோம். ஜெராக்ஸில் சிவப்பும் சாம்பல், கருநீலமும் சாம்பல், எல்லாத் தெருவுக்கும் ஒரே அழுக்கு. சௌம்யா சிரித்துவிட்டாள். "கலரே வேணாங்க. ஒவ்வொரு வரியையும் தனித்தனி பார் சார்ட்டா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிடுங்க. ஒசரத்தப் பாத்தா கொழந்தைக்குக்கூடப் புரியும்." ஆக, கட்டங்களைப் பார்களாக மாற்றுவது அவளுடைய யோசனைதான். என்னுடையதில்லை. தயவுசெய்து அதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் கம்ப்யூட்டர் பாடம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை எடு, பார்களாக நிறுத்து, அடுத்த வரிக்குப் போ. இவ்வளவுதான் நிரல். இதில் ஒரு குணம் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு வரிக்கும் அதனதன் அளவுகோலைப் பைத்தானே வைத்துக்கொள்ளும். தண்ணீரில் ஒரு சிட்டிகை கலந்த தெருவானாலும் அதன் பெட்டியில் பார் கூரையைத் தொடும். ஒரு படி கலந்த தெருவானாலும் அதன் பெட்டியில் அதே கூரையைத்தான் தொடும். எல்லா வரிக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் ஷேர்-ஒய் என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். நான் கொடுத்த தாளின் நிரலில் அந்தச் சொல் இல்லை. மற்றபடி எந்த எண்ணையும் நான் தொடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் அளவு அச்சாகித்தான் இருந்தது. எழுத்து கொஞ்சம் பொடி.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தெருக்காரர்களுக்குத் தலைவர் இராஜமாணிக்கம். அவர் தறிக்கு டிசைன் சொல்கிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துகிறவர். புடவை டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டை குத்துகிறவர் ஸ்கேலை வைத்து அந்த ஒரு வரியை மட்டும்தான் பார்ப்பார். மேல் வரிக்கோ கீழ் வரிக்கோ கண் தாவினால் ஓட்டை மாறிப்போகும், அப்புறம் புடவையில் மயிலுக்குக் கழுத்து இருக்காது. அதனால் இரண்டு வரியைச் சேர்த்துப் பார்க்கவே கூடாது என்று கண்ணைப் பழக்கி வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கண்தான்.

இராஜமாணிக்கம் தாளை வாங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து முதல் வரியின் கீழே வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. "அட, நம்ம கிராஃப் மாதிரியே கீதுப்பா," என்றார். வரிவரியாக ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்தார். "இந்தத் தெரு வெயில்ல ஏறுது, மழையில எறங்குது. இதுவும் அப்டித்தான். பாவடிச் சந்தும் அப்டித்தான் கீது. எல்லாத் தெருவுலயும் இருக்கறதுதாம்பா. இதுக்குப் போயி போர மூடுனா பொம்பளைங்க கொடத்த தூக்கிகினு எங்க போவாங்க?" கூடம் மொத்தமும் தலையாட்டியது.

ஒரே ஒருவர்தான் கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் கமலக்கண்ணன். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னா மச்சான், ஓரத்துல நம்பரு ஒவ்வொண்ணுக்கும் வேற வேறயா கீதே?" என்றார்.

"அது கம்ப்யூட்டர் தானா போட்டுக்கறது மாமா," என்றேன். "அதெல்லாம் கண்டுக்காதீங்க."

பக்கத்திலிருந்தவர் யாரோ, "கமலக்கண்ணா, கண்ணாடிய மாத்துப்பா," என்று கிண்டல் செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து பாத்திரம் நிறைய ரவா கேசரி வந்தது. போரை யாரும் மூடவில்லை.

இப்போது நீங்கள் மூன்று தரம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லை மறந்தேனா என்று கேட்கிறீர்கள். மறந்தேன் என்று நேற்று சொன்னேன். என் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் முதல் வடிவத்தை உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அதையே சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கும் மரியாதையில்லை, எனக்கும் மரியாதையில்லை. முதலில் அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் எழுதினேன், ஐயா. பழக்க தோஷம். ஓடவிட்டால் பாவடிச் சந்தின் பார்கள் கூரைக்கு நிற்கின்றன, மற்றத் தெருக்களெல்லாம் அறுத்த வயலில் நிற்கிற நெல்தாள் உயரம்கூட இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் சரி, வைக்காமல் பார்த்தாலும் சரி, தெரிந்துவிடும். பேக்ஸ்பேஸை அமுக்கி அந்தச் சொல்லை அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். எல்லாத் தெருவும் தோளோடு தோள் நின்றன. பார்க்க அழகாகவே இருந்தது.

ஏன் என்றால், அந்தக் கழிவு விஷயம். நைனா காலத்தில் சாயக் கழிவைத் தொட்டியில் தேக்கி, டேங்கரில் ஊருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டேங்கர் வருவதாகச் சொன்ன நாளில் வராது. தொட்டி நிரம்பிவிட்டால் வேலை நின்றுவிடும். நூல் வந்து குவிகிற நேரத்தில் வேலை நின்றால் எப்படி? பட்டறையின் பின்சுவர் ஓரமாக வற்றிப்போன பழைய போர் ஒன்று சும்மா கிடந்தது. தொட்டியிலிருந்து அதற்குள் ஒரு குழாய் போட்டேன். விடுகிற அத்தனையையும் ஏப்பம் விடாமல் குடித்தது. நைனாவிடம் கழிவைச் சுத்தம் செய்கிற முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு நான் சொன்னால் வேதவாக்கு. ஊரும் டேங்கரில் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

சௌம்யா போன அன்று சாயங்காலம் நைனா என் அறைக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டார். "இன்னாடா ஒரு வரி மட்டும் செவசெவன்னு கீது?" என்று கேட்டார். பாவடிச் சந்துத் தண்ணீர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உடனே, "பட்டறைய மூடிடலாம்டா. நம்மளால இருக்குமோ இன்னாவோ. ஹேமா பொழங்கற தண்ணிடா அது," என்றார். யோசிக்கவே இல்லை அந்த மனிதர். வாழ்நாள் முழுக்க நின்ற பட்டறை, ஒரே நிமிஷத்தில் மூடிடலாம் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. மூடிவிட்டு நான் மறுபடியும் டீக்கடையில் போய் லீவு என்று சொல்ல வேண்டுமா?

மறுநாள் காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பார் சார்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நேத்து நான்தான் அளவு தப்பா போட்டுட்டேன், நைனா. பாருங்க, எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதான் கீது." வாயெல்லாம் பல்லாக, தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வயித்துல பால வாத்தடா," என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அப்பாவைச் சந்தோஷமாக வைத்துக்கொள்கிற பிள்ளை இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

சௌம்யா குழந்தை பிறந்த பிறகு போன் செய்தாள். பெண் குழந்தை. வாழ்த்துச் சொன்னேன். கூட்டம் என்ன ஆச்சு என்றாள். "நல்லா நடந்துச்சுங்க. எல்லாரும் தாளப் பாத்தாங்க, ஒரே மனசா முடிவு எடுத்தாங்க," என்றேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. அப்புறம் அவள் வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டார்கள்.

குழாயை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் இருந்தது. தீபாவளி நூல் போகட்டும் என்று பார்த்தேன். தீபாவளி முடிந்தால் தை மாதக் கல்யாணங்கள். அது முடிந்தால் வைகாசிக் கல்யாணங்கள். ஆரணியில் பட்டுக்கு ஓய்வு ஏது? இப்படியே மூன்று தீபாவளி போயிற்று.

சந்தில் ஒவ்வொருத்தராகக் கால் வீங்கினார்கள். ரொம்ப நேரம் தறியில் உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கோடி வீட்டுத் திருமலை செத்துப்போனார். எதிர்வீட்டு அம்மாவும் செத்துப்போனாள். இரண்டு சாவுக்கும் போய் நின்றேன், மாலை போட்டேன். அக்காவைப் பார்க்க வாராவாரம் போவேன். மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாளில் மல்லிகை. படியேறினதும் சொம்பை நீட்டுவாள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பேன். அவளுக்கு என்னிடம் பேசுவதென்றால் அவ்வளவு இஷ்டம். ஒரு வாரம் பார்க்கும்போது காலில் கொலுசு இல்லை. ஏன் என்றேன். "மாட்டினா ஏற மாட்டேன்துடா," என்று சிரித்தாள். அடுத்த தையில் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் என் காரில்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள்கூடத் தவறினதில்லை. வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள்.

இந்த வருஷம் சௌம்யா தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி வந்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பதற்கு முன் சந்துக்குப் போயிருக்கிறாள். அங்கே பெண்கள் அதே போரில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கமலக்கண்ணன் மாமா அந்தப் பழைய தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் ஓரத்திலிருந்த பொடி எழுத்தைப் பார்த்ததும் அவள் வரிவரியாக எண்களை உரக்கப் படித்துக் காட்டினாளாம். அப்புறம் பட்டறைப் பின்சுவர், குழாய், நீங்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நைனா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு வருத்தம்தான்.

நான் கையெழுத்துப் போடுவதற்கென்று நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிற வாக்குமூலத்தைப் படித்தேன். குழாய் போட்டது நான். சொல்லை அழித்தது நான். நைனாவிடம், கூட்டத்தில், சௌம்யாவிடம் அப்படிப் பேசினது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு இடத்தில், 'உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தெரிந்தே'யை மட்டும் எடுத்துவிடுங்கள். படித்தவர்கள் எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள், தண்ணீர் எப்போதும்போல நன்றாகத்தான் இருக்கும் என்று நான் மனசார நம்பினேன்.

அக்காவும் இதைத்தான் கேட்டாள். போன மாதம், வேலூரில், விஷயம் எல்லாம் அவள் காதுக்குப் போன பிறகு. கத்தவில்லை, அழவில்லை. கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"தனசேகரு, ரொம்ப நாளா யோசிச்சிகினே கீறேன். இத்தினி வருசத்துல வாரம் தவறாம வந்தியே, எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியாடா?"

அவள் என்னிடம் பேசினது அதுதான் கடைசி. அந்த வாரமே போய்விட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குப் போகிற போதெல்லாம், என்னவோ தெரியவில்லை, எனக்குத் தாகம் எடுத்ததே இல்லை.